ஒழுகும் கூரையின் பிரதிநிதி

இலாரியோ போனவித்தாவுக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அவன் எங்கள் பணிமனையின் யூனியன் பிரதிநிதி ஆனதற்கு வேறு காரணம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ரயில் பெட்டிகளின் கதவுகளைச் சரிபார்க்கிறவன், அவன் பிரேக் ஃபிட்டர். புவேனோஸ் ஐரெஸின் சுரங்க ரயில்கள் பழுதானால் சரிவுப் பாதையில் மேலே ஏறி எங்கள் லாஸ் மோராஸ் பணிமனைக்கு வரும். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடம். ஆறு தண்டவாளங்கள், அவற்றுக்கு மேல் தகரமும் கண்ணாடியுமாக ஒரு பெரிய கூரை. அந்தக் கூரையில் தகரமும் கண்ணாடியும் போக மீதி இருந்த இடம்தான் பிரச்சினை.

தொண்ணூற்றாறாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அந்தக் கூரையிலிருந்து ஒரு கண்ணாடி கழன்று, மூன்றாம் தண்டவாளத்தின் ஓரத்தில் நாங்கள் கரியில் வாட்டிக்கொண்டிருந்த மாட்டு விலாவின் மேல் விழுந்து நொறுங்கியது. யாருக்கும் அடி இல்லை. பதினொரு கிலோ இறைச்சிதான் போயிற்று. ஆள் மேல் விழுந்திருந்தால் மருத்துவ விடுப்போடு விஷயம் முடிந்திருக்கும். இறைச்சி மேல் விழுந்ததால் பணிமனையே கொதித்தெழுந்தது. கம்பெனிக்குக் கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்று எல்லோரும் கத்தினோம். யார் எழுதுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் அவரவர் பூட்ஸைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தோம். இலாரியோ குனிந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் கடிதம் இரண்டு பக்கம். ஒவ்வொரு எழுத்தும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. "மாண்புமிகு இயக்குநர் அவர்களே, நாங்கள் வேலை செய்வது பணிமனையில் அல்ல, மூடி போட்ட குளத்தில்" என்று ஆரம்பித்தான். அதைப் படித்துக் காட்டியபோது எங்களுக்குப் புல்லரித்தது. அடுத்த தேர்தலில் போட்டியில்லாமல் அவனைப் பிரதிநிதி ஆக்கினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு கடிதம் போனது. மழைநாளில் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பற்றி, ரப்பர் பூட்ஸ் கேட்டால் இடது கால் பூட்ஸ் மட்டும் நாற்பது வந்ததைப் பற்றி, வெல்டிங் செய்கிறவன் தலைக்கு மேல் ஒருவன் குடை பிடிக்க வேண்டியிருப்பதைப் பற்றி எழுதினான். கம்பெனியிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒரே பதில்: தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் உள்ளது. நடுவில் ஐந்து அரசாங்கங்கள் மாறின. கம்பெனியின் பெயரும் மூன்று முறை மாறியது. பதில் மாறவில்லை. எங்கள் ஆட்கள் அவனுக்கு 'ஒழுக்கு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பக்கத்துப் பேக்கரியில்கூட "ஒழுக்குக்கு ரெண்டு ரொட்டி" என்றால்தான் தெரியும்.

அவன் வீடு பணிமனையிலிருந்து எட்டுத் தெரு தள்ளி. மதியம் நடந்துபோய்ச் சாப்பிட்டு, கால் மணி நேரம் தூங்கி, திரும்பி வருவான். ராத்திரிச் சாப்பாட்டின்போது புதுக் கடிதத்தை மனைவி எத்தெல்வினாவுக்குப் படித்துக் காட்டுவான். எத்தெல்வினா வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். ஒரே நேரத்தில் கத்தரியையும் வாயையும் ஓட்டத் தெரிந்தவள். அவர்கள் வீட்டுக் குளியலறையும் ஒழுகும். ஒரு நாள் முழுக் கடிதத்தையும் கேட்டு முடித்து அவள் சொன்னாளாம்: "அங்க ஒழுகுறதுக்கு டைரக்டருக்கு எழுதுற. இங்க ஒழுகுறதுக்கு யாருக்கு எழுதணும்னு சொல்லு கிழவா, நான் எழுதுறேன்." இதை அவனே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னான். குளியலறையைச் சரிசெய்தானா என்று யாரும் கேட்கவில்லை. செய்திருக்க மாட்டான். தேசப் பிரச்சினைகளில் இருப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

இருபத்திரண்டு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று கடிதங்கள் போயிருந்தன. அப்போதுதான் இஞ்சினியர் இராவோலா வந்தார்.

கம்பெனியின் திட்ட அதிகாரி. நாற்பது வயது இருக்கும். சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல், எங்களையெல்லாம் தோளில் தட்டிப் பேசுகிறவர். இரண்டு பேர் தூக்கிவந்த ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியை எங்கள் சாப்பாட்டு மேசையில் இறக்கினார். உள்ளே ஒரு புதுப் பணிமனையின் மாதிரி. விரல்நீள ரயில்கள், பச்சைக் கடற்பஞ்சில் செய்த மரங்கள், கொசு அளவில் மனிதர்கள். அந்தக் கொசுக்களில் ஒருவர்கூட வேலை செய்யவில்லை, எல்லோரும் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். லாஸ் மோராஸை மூடப்போகிறோம் என்றார் இராவோலா. எல் சௌசால் என்ற இடத்தில் புதுப் பணிமனைக்கு அடித்தளம் போட்டாயிற்று, அடுத்த வருடக் கடைசியில் எல்லோரும் அங்கே. பழைய இடத்தில் மூன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் வரும், உச்சியில் நீச்சல் குளத்தோடு.

பிறகு ஆளுக்கொரு வழவழப்பான கையேடு கொடுத்தார். முதல் பக்கத்தில் இலாரியோவின் படம் முழுப்பக்கத்துக்கு இருந்தது. கீழே பெரிய எழுத்தில்: "நாங்கள் வேலை செய்வது பணிமனையில் அல்ல, மூடி போட்ட குளத்தில். — ஒரு தொழிலாளி." உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அவன் கடிதங்களிலிருந்து மேற்கோள்கள். இருபத்திரண்டு வருடமாக உருப்படியான பதில் சொல்லாதவர்கள் ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

இலாரியோ அந்தக் கையேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. இராவோலா அவனைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு ஒரு நாற்பது நிமிடம் அவன் இந்த ஊரிலேயே சந்தோஷமான மனிதனாக இருந்தான்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் யாரோ எல் சௌசால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்.

பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி, ஒரு பேருந்து ஏறி, அது திரும்பும் இடத்தில் இன்னொன்று ஏறி, பழைய குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போக ஒரு மணி ஐம்பது நிமிடம். வரவும் அதேதான். மதியம் வீட்டுக்கு வந்து தூங்குவதெல்லாம் கனவு. எங்களில் முக்கால்வாசிப் பேர் நடந்து வருகிற தூரத்தில் குடியிருந்தோம். பல பேர் அதற்காகவே அந்த வேலையை விடாமல் வைத்திருந்தோம்.

மறுநாள் கூட்டம் போட்டோம். இலாரியோ பெஞ்சு மேல் ஏறி, தோழர்களே, நாம் கேட்டதுதானே நடக்கிறது என்றான். கூட்டத்தில் எழுந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. கடைசல் பிரிவுக்காரன் ஒருவன் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"கூரையை மாத்தச் சொன்னோம் ஒழுக்கு. கூரைக்குக் கீழ இருக்கிற எங்களை மாத்தச் சொல்லல."

பணிமனையைக் காப்பாற்றப் போராடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. எண்பத்தைந்து பேரில் எண்பத்துநான்கு கை உயர்ந்தது. போராட்டத்தை நடத்த வேண்டியது யார்? பிரதிநிதிதான். இருபத்திரண்டு வருடம் இந்தக் கட்டடம் லாயக்கில்லை என்று எழுதியவன், இனிமேல் அதை மூடக்கூடாது என்று சொல்ல வேண்டும். இலாரியோ பெஞ்சிலிருந்து இறங்கி, எண்பத்தைந்தாவது கையையும் தூக்கினான்.

நூற்று நாற்பத்துநான்காவது கடிதம் நீதிமன்றத்துக்குப் போன மனு. அதே அழகான கையெழுத்து. கூரையின் ஓட்டைகளை 'இயற்கையான காற்றோட்டம்' என்று எழுதியிருந்தான். உடைந்த கண்ணாடிகளின் வழியே பகல்வெளிச்சம் 'தாராளமாக' வருவதாக எழுதியிருந்தான். குழித்தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைப் படித்துக் காட்டியபோதும் எங்களுக்குப் புல்லரித்தது. எங்களுக்கு எதற்கு வேண்டுமானாலும் புல்லரிக்கும்.

ஜூலையில் விசாரணை நடந்தது. நீதிபதி ஐம்பது வயது அம்மாள், கடும் ஜலதோஷத்தில் இருந்தார். கம்பெனி வழக்கறிஞர் எழுந்து ஒரு வாதமும் செய்யவில்லை. இலாரியோவின் கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நல்ல குரல். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தார். இடது கால் பூட்ஸ் கடிதத்துக்கு நீதிமன்ற எழுத்தரே சிரித்துவிட்டார். முப்பதாவது கடிதத்தில் நீதிபதி போதும் என்று கைகாட்டி, இலாரியோவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதையெல்லாம் எழுதினது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"மனுவை எழுதினதும் நீங்கதான்."

"ஆமாம்மா."

"இதுல எது உண்மை?"

எங்கள் வழக்கறிஞர் இலாரியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ரெண்டும் உண்மைம்மா. கூரை ஒழுகுது. ஆனா வீட்டுப் பக்கத்துல ஒழுகுது."

நீதிபதி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். சிரித்தாரா, மூக்கைச் சிந்தினாரா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்துவேறுபாடு உண்டு. நேரில் வந்து பார்க்கிறேன் என்று ஆகஸ்டு முப்பதாம் தேதியைக் குறித்தார்.

ஆகஸ்டு முப்பது சாந்தா ரோசா புனிதையின் நாள். அந்த நாளை ஒட்டி வருடந்தோறும் ஒரு புயல்மழை அடிக்கும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தேதியைக் கேட்டதும் இராவோலா வழக்கில் ஜெயித்தே விட்டதுபோல் முகம் மலர்ந்தார்.

அன்று மாலையே நாங்கள் கூரையில் ஏணிகளைச் சாத்தினோம்.

அடுத்த ஐந்து வாரத்தில், ஷிப்டு முடிந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், எண்பத்தைந்து பேரும் சேர்ந்து அந்தக் கூரையைச் செப்பனிட்டோம். தார் வாங்கினோம். பழைய ரயில் பெட்டிகளின் தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டோம். கண்ணாடி போன இடத்தில் உடைத்த பேருந்து ஒன்றின் ஜன்னல்களை யாரோ கொண்டுவந்து பொருத்தினார்கள், எங்கிருந்து என்று கேட்கவில்லை. இலாரியோ இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதல் ஆளாக மேலே ஏறினான். ஐம்பத்துமூன்று வயது, வலது முழங்கால் ஏற்கெனவே மக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவந்த எத்தெல்வினா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அஞ்சு வாரத்துல முடியிற வேலைக்கா இருபத்திரண்டு வருஷம் கடிதம் எழுதினாய் என்று கேட்டாள். மேலே சுத்தியல் சத்தம் கொஞ்சம் பலமானது.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி மழை பிடித்தது. நீதிபதி ஷெட்டுக்குள் வந்து கோட்டை உதறினார். பின்னால் இராவோலா. தலைக்கு மேல் மழை பேரிரைச்சலாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு காட்சியை நாங்களே முன்பு பார்த்ததில்லை, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தோம். நீதிபதி இந்த முகபாவத்தைப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன். இராவோலா கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, தொலைந்த மோதிரத்தைத் தேடுகிறவர் மாதிரி மூலைமூலையாக ஒரு சொட்டைத் தேடினார்.

சொட்டு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஐந்தாம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், நாங்கள் தார் பூச மறந்த ஓர் இணைப்பு. அதை முதலில் பார்த்தது சாந்துசா மமானி. ரயில் பெட்டிகளைக் கழுவும் பெண்களில் ஒருத்தி, பொலிவியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள். யாரும் சொல்லாமலே அவள் துடைப்பத்தோடு போய் அந்த இடத்தில் நின்றுகொண்டாள். சீருடைத் தொப்பியின் மேல் விழுந்த தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. நீதிபதி ஆறு தண்டவாளத்தையும் சுற்றிவந்து, இரும்புத் தூண்களைத் தடவிப்பார்த்து, கட்டடத்தின் வயதைக் கேட்டுக்கொண்டு கிளம்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. நாற்பது நிமிடமும் சாந்துசா அசையவில்லை. நீதிபதி கடந்துபோனபோது புன்னகைகூடச் செய்தாள்.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இலாரியோ அதைச் சத்தமாக வாசித்தான். கட்டடம் வியக்கத்தக்க உறுதியோடு இருக்கிறது. நகரத்தின் தொழில் வரலாற்றுக்கு அது ஒரு பொக்கிஷம். அதை இடிக்கக்கூடாது. நாங்கள் கத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தலைக்கு மேல் தொப்பிகள் பறந்தன. இலாரியோ கையைக் காட்டி, இன்னும் ஒரு பத்தி இருக்கிறது என்றான். இவ்வளவு மதிப்புள்ள கட்டடத்தைக் கிரீஸுக்கும் பிரேக் தூசிக்கும் உட்படுத்துவது முறையல்ல என்பதால், ரயில் பழுதுபார்க்கும் பணிகளை ஓராண்டுக்குள் அங்கிருந்து அகற்ற வேண்டும்.

கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம், எங்களிடமிருந்து.

கம்பெனி மேல்முறையீடு செய்யவில்லை. இராவோலா எங்களைப் பாராட்டவே வந்தார். கோபுரங்களைப் பக்கத்து யார்டில் கட்டிக்கொள்ளலாம், இங்கே உணவகங்கள் வரும், கூரை வேலை இவ்வளவு நன்றாக நடந்திருப்பதால் செலவும் மிச்சம் என்றார். இலாரியோவின் தோளில் அவர் தட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். இலாரியோ கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் இடமாற்றப் பட்டியல் ஒட்டினார்கள். எண்பத்தைந்து பெயர்கள். எல்லோரும் தங்கள் பெயரைத் தேடினோம், கண்டுபிடித்தோம், சபித்தோம், போனோம். பெட்டி கழுவும் பெண்கள் பதினொரு பேரும் பட்டியலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். அவர்கள் வேறு ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். லாஸ் மோராஸ் மூடினால் அந்த ஒப்பந்தமும் மூடிவிடும். பதினான்கு, பதினைந்து வருடமாக எங்களோடு அதே கூரையின் கீழ் வேலை செய்த அவர்களைப் பற்றி எங்களுக்கு ஞாபகம் வந்ததே அப்போதுதான்.

சாந்துசா நேராக பிரேக் பிரிவுக்கு வந்தாள். இலாரியோ மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"தோன் இலாரியோ, ஒண்ணு கேக்கணும். நூத்தி நாப்பத்திமூணு கடுதாசி எழுதினீங்களே. அதுல எங்களைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"எல்லாத் தொழிலாளர்களும்னு எழுதியிருக்கேன் சாந்துசா. எல்லாத்துலயும் எழுதியிருக்கேன்."

"புறாவைப் பத்தி எழுதியிருக்கீங்க. கோர்ட்டுல படிச்சதா சொன்னாங்க. புறா எச்சத்துக்கு ஒரு முழுப்பக்கம். அந்த எச்சத்தைக் கழுவினது யாருன்னு எழுதினீங்களா?"

இலாரியோ குடுவையைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு உங்க கூரைக்காக நாப்பது நிமிஷம் நனைஞ்சேன். நாலு நாள் காய்ச்சல். ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்போம்.

ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றான் இலாரியோ. வேண்டவே வேண்டாம் என்றாள் அவள். இருபத்திரண்டு வருடம் ஆகும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவன் யூனியன் தலைமை அலுவலகத்துக்குப் போனான். ஒப்பந்த ஆட்கள் நம் பிரிவில் வரமாட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். மறுபடி போனான், காபியும் கொடுக்கவில்லை. வீட்டில் எத்தெல்வினாவிடம் சொன்னபோது, நான் முடிவெட்டும் பெண்களில் யாராவது வந்து என் பெயரே உனக்குத் தெரியாதா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் உனக்கும் இருக்க வேண்டும், இருக்கட்டும் என்றாளாம்.

அக்டோபரில் எல் சௌசாலில் திறப்பு விழா. மேடை, பேண்டு வாத்தியம், தட்டுத்தட்டாக இறைச்சி வைத்துப் பொரித்த எம்பனாதா. ஒரு அமைச்சர் ரிப்பனை வெட்டுவார், வெட்டியதும் முதல் ரயில் உள்ளே வரும். தொலைக்காட்சிக்காரர்கள் தண்டவாளத்துக்கு நேரே காமிராவை நட்டிருந்தார்கள். பேண்டு ஆரம்பித்த நேரத்தில், வேலி ஓரமாக வந்த பதினொரு பெண்கள், சீருடையோடு, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாந்துசா ஒரு குஷன் கொண்டுவந்திருந்தாள். வெகுநேரம் உட்காரத் தயாராக வந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்ததுமே தெரிந்தது.

இராவோலா வியர்த்துப்போய் எங்கள் பக்கம் ஓடிவந்தார். காமிரா இருப்பதால் போலீஸைக் கூப்பிட முடியாது. "நீங்கதானே பிரதிநிதி, போய்ப் பேசுங்க இலாரியோ" என்று அவனை முன்னால் தள்ளினார்.

இலாரியோ போனான். குனிந்து ஏதோ சொன்னான். சாந்துசா அவனை அண்ணாந்து பார்த்துச் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"உக்காந்தா உக்காருங்க, போனா போங்க. நடுவுல நின்னு வெயிலை மறைக்காதீங்க."

அவன் திரும்பி மேடையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பிறகு ஒரு கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, பாகம் பாகமாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் குஷனைத் தரவில்லை.

நாங்கள் எண்பத்துநான்கு பேர் கையில் எம்பனாதாவோடு நின்றோம். ஆறு பேர் போய் அவர்களோடு உட்கார்ந்தார்கள். நான் போகவில்லை. இதை எழுதும்போது மறைத்துவிடலாம்தான், ஆனால் வீடியோவில் நான் இருக்கிறேன், மென்றுகொண்டு.

அமைச்சருக்கு வேறு வேலை இருந்தது. ரிப்பனை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கழிவறைக் கதவுக்குக் குறுக்கே கட்டினார்கள். அவர் அங்கே வெட்டினார், பேண்டு அங்கே போய் வாசித்தது. முதல் ரயில் மட்டும் ஓட்டுநரோடு வெளியே நின்றது. மாலை நாலு மணிக்கு இராவோலா ஒரு காகிதத்தோடு வந்தார். பதினொரு பேரில் எட்டுப் பேரைக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும். வயதான மூன்று பேரை உடல்தகுதி இல்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். எட்டுப் பேரும் தங்களுக்குள் பேசினார்கள். அந்த மூன்று பேரும்தான் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இலாரியோவைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

புதுப் பணிமனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழிகள் காய்ந்திருக்கும். வெளிச்சம் கண்ணில் குத்தாது. பெட்டியைத் தூக்க ஒரு பொத்தான் போதும். குளியலறையில் வெந்நீர் நின்றுபோவதே இல்லை. போகும்போதும் வரும்போதும் பேருந்தில் நாங்கள் அதை வாய் ஓயாமல் திட்டுவோம். சிறைச்சாலை என்போம், ஆஸ்பத்திரி என்போம், ஆத்மா இல்லாத இடம் என்போம். சபித்து முடித்து, வெந்நீரில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். இலாரியோவும் அப்படியே. குடும்பங்களை அழைத்துக் காட்டும் நாளில் எத்தெல்வினா வந்தாள். குளியலறையை, சாப்பாட்டு அறையை, அவன் உட்கார்ந்து வேலைபார்க்கும், சக்கரம் வைத்த குட்டை நாற்காலியைப் பார்த்தாள். அந்த நாற்காலி வந்ததிலிருந்து அவன் முழங்காலைப் பற்றிப் புலம்புவது நின்றிருந்தது.

"இதையா ஜெயிலுன்னு சொன்ன? இந்த ஜெயிலுல எனக்கும் ஒரு இடம் பாரு" என்றாள், எல்லோர் முன்னாலும். இலாரியோ காது சிவந்துபோய், ரொம்ப தூரம்தானே என்று முணுமுணுத்தான். அது ஒன்றுதான் மிச்சமிருந்த உண்மை.

பிரதிநிதித் தேர்தல் வந்தது. முதல்முறையாகப் போட்டி. சாந்துசா நின்றாள். ஐம்பத்தெட்டுக்கு முப்பத்துமூன்று. அவன் தோற்றான். பெருந்தன்மையாக அவளுக்கே வாக்களித்திருப்பான் என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். பேருந்தில் நான் கேட்டேன்.

"வெக்கத்தை விட்டுச் சொல்றேன்டா, எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்" என்றான். "நீ?"

அவளுக்கு என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசி நிலையத்தில் இறங்கும்போது, சரியாத்தான் போட்டிருக்க என்றான்.

சாந்துசா முதல் மாதத்திலேயே பேருந்தைப் பணிமனை வாசல்வரை வரவைத்தாள். எங்களுக்கு இருபது நிமிடம் மிச்சம். விடுபட்ட மூன்று பெண்களில் ஒருவரை நாலாவது மாதத்தில் உள்ளே கொண்டுவந்தாள். எப்படி முடிந்தது என்று இலாரியோ அவளிடம் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை முடிந்ததும் இராவோலாவின் அறைக்குப் போவேன், அவர் வாயைத் திறக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன், வேறொன்றும் செய்வதில்லை என்றாளாம்.

அடுத்த திங்கட்கிழமை அவனும் கூடப் போனான். அதற்கடுத்ததும் போனான். இரண்டாமவருக்கு அடுத்த மாதம் உத்தரவு வந்துவிட்டது. மூன்றாமவர் விஷயம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. இராவோலா இப்போதெல்லாம் திங்கட்கிழமைகளில் விடுப்பு எடுத்துக்கொள்கிறார். அவர்கள் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.